தோட்டத்துப் பொடியனுகளுக்கு புட்போல் பழக்குறோம், ஆனா யாருக்காக தொடங்கினோமோ அவன் தான் வாறானில்ல

ஜம்பட்டா லெஃப்ட் விங்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், ரெண்டு மாசமா மனசுக்குள்ள கிடந்து அரிக்குது, இங்க பழைய பிளேயர்ஸ், கோச்மார், டீச்சர்மார் எல்லாம் இருக்கீங்க, அதால தான் கேக்குறன்.

நான் கொட்டாஞ்சேனை, வயசு 27, ஹார்பர் பக்கம் வார்ஃப் கிளார்க் வேல. கழகம் ஒன்டுக்கு நாலு வருஷம் லெஃப்ட் விங் ஆடினன், முழங்கால் போன பிறகு விட்டாச்சு. ஒன்றரை வருஷத்துக்கு முதல் எங்கட தோட்டத்துப் பொடியனுகள சேத்து செவ்வாய், வியாழன் பின்னேரம் அஞ்சு மணிக்கும் ஞாயிறு காலைலயும் பழக்கத் தொடங்கினன். கொழும்பு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த, நாங்க தோட்டம் என்டு சொல்றது தேயிலைத் தோட்டத்த இல்ல, ஒரு முடுக்குக்குள்ள நாப்பது வீடு, பொது பைப், பொது கக்கூஸ், ஒரு வீட்டு டீவி சத்தம் அடுத்த வீட்டுக்கு அப்படியே கேக்கும், அது தான் தோட்டம்.

ஏன் தொடங்கினன் என்டா, முடுக்கு வாசல்ல பின்னேரத்துல மோட்டர் சைக்கிள் ஒன்டு வந்து நிக்கும். சின்னப் பொடியன் ஒருத்தன கூப்பிட்டு பொட்டலத்த கைல குடுத்து அடுத்த ரோட்டுல ஒராள்கிட்ட குடுக்கச் சொல்லும், போய்ட்டு வந்தா ஐநூறு ரூபா. உள்ள என்ன என்டு எல்லாருக்கும் தெரியும், ஐஸ் என்ட போதைப் பொருள். அம்மாமார் காலைல வீட்டு வேலைக்கு பம்பலப்பிட்டி, வெள்ளவத்த என்டு போனா திரும்ப ராத்திரி தான், பொடியன் ஸ்கூல் விட்டு வந்தா அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் யாருமில்ல. அந்த மூனு மணித்தியாலத்த நாங்க பிடிச்சா போதும் என்டு நெனச்சன்.

முதல் நாள் ஒன்பது பேர், மூனு மாசத்துல முப்பத்திரெண்டு பேர். அதுல ஒருத்தன், வயசு 14, பேர் எழுதல்ல. ஆட்டம் சுமார் தான், ரெண்டு காலும் ஒன்டோட ஒன்டு இடிபடும், ஆனா எல்லாருக்கும் முதல் வந்து நிப்பான், நான் வேலைல இருந்து வந்து உடுப்பு மாத்துற வரைக்கும் எங்கட வீட்டுப் படில பந்த மடில வெச்சிக்கிட்டு இருப்பான். உண்மைய சொன்னா அவன மாதிரி ஆளுக்காகத் தான் நான் இத தொடங்கினது, மோட்டர் சைக்கிள்காரன் முதல் கூப்பிடுறதும் அவனத் தான்.

இந்த ஜனவரி 16 வயசுக்குக் கீழ் டூர்னமெண்ட் ஒன்டு வந்துச்சு. பன்னெண்டு பேர செலக்ட் பண்ணினன், டீ சேர்ட் அடிச்சோம், ஒவ்வொரு நாளும் அந்தப் பன்னெண்டு பேருக்கு மட்டும் ப்ரக்டிஸ். ரெண்டாம் இடம் வந்தோம், கப் எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல இருக்கு. திரும்பிப் பாத்தா மத்த இருபது பேரும் இல்ல. அந்தப் பொடியனும் இல்ல. போன மாசம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணி போல ஆமர் வீதிப் பக்கம் அவனக் கண்டன், கைல சின்னப் பொட்டலம், என்னக் கண்டதும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நடந்தான். நான் கூப்பிடல்ல. கூப்பிட வாய் வரல்ல.

இப்ப என்ட கேள்வி. விட்டுப் போனவங்கள எப்படி திரும்பக் கூப்பிடுறது? பொம்பளப் பிள்ளைகளும் கேக்குறாங்க, ரெண்டு தரம் வந்துட்டு நிக்கிறாங்க, ஏன் என்டு விளங்கல்ல. புட்போல் ஆடினா பிள்ள நல்லா வரும் என்டு எல்லாரும் சொல்றோம், அது எப்படி நடக்குது, வெறும் ஆட்டத்தாலயா இல்ல நாங்க வேற ஏதும் செய்யணுமா? கடைசியா, ஒரு நிறுவனம் பந்து, பூட்ஸ் எல்லாம் தாறோம் என்டு வந்திருக்கு, ஆனா பிள்ளைகள்ட படமும் வீட்டுக் கதையும் வேணுமாம். வாங்கலாமா?

கிராண்ட்பாஸ் பழைய ஆள்:

தம்பி, ஒங்க போஸ்ட்ட ரெண்டு தரம் வாசிச்சேன். 1995ல சுகததாச ஸ்டேடியத்துல தெற்காசிய கோல்ட் கப் பைனல், இந்தியாவ 1-0ன்னு அடிச்ச அன்னிக்கு நா கேலரில நின்னவன், அந்த வெறியோட பந்து ஒன்னு வாங்கிக்கிட்டு எறங்குனவன் இன்னும் நிப்பாட்டல. 2023ல ஜனவரில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஃபீஃபா இலங்கைய தடை போட்டு வச்சிருந்துச்சே, அப்பவும் எங்க லேன்ல பந்து நிக்கல.

நீங்க செஞ்ச தப்ப நா பத்து வருஷம் செஞ்சேன். பன்னெண்டு பேர எடுத்தது தப்பில்ல, டூர்னமெண்ட்னா எடுக்கத் தான் வேணும். எடுக்காத இருவது பேருக்கு மறுநாள் என்ன வேலைன்னு நீங்க சொல்லல, அங்க தான் விட்டீங்க. பொடியன் மனசுல அது எப்படி விழுகும்னா, 'அண்ணன் என்னைய வேணாம்னுட்டாரு'. வீட்டுலயும் யாரும் கூப்பிடாம, ஸ்கூல்லயும் கடைசி பெஞ்சுல இருந்து, இங்கயும் பேர் வாசிக்காத பிள்ளைய பேர் சொல்லிக் கூப்பிடுறவன் அந்த மோட்டர் சைக்கிள்காரன் ஒருத்தன் தான்.

நா இத எங்க படிச்சேன்னா, நைரோபில மதாரேன்னு ஒரு பெரிய சேரி இருக்கு. 1987ல பொப் மன்றோன்னு ஒரு கனடாக்காரர் அங்க பொடியங்களுக்கு லீக் ஒன்னு தொடங்குறாரு. பந்து வாங்கக் காசில்லாம பிளாஸ்டிக் பைய உருட்டி கயிறு சுத்தி ஆடிக்கிட்டிருந்த பிள்ளைங்க. சரி லீக் நடத்துறேன், ஆனா ஒவ்வொரு டீமும் அவங்க தெருவுல குப்ப அள்ளணும்னாரு. குப்ப அள்ளுனா லீக் டேபிள்ல புள்ளி, மெட்ச் ஜெயிச்ச புள்ளியோட அதுவும் சேரும். அதுக்குப் பொறகு சின்னவங்கள பழக்குறவனுக்கும், தொண்டு வேல செய்றவனுக்கும் தனியா கணக்கு வச்சு அதுல முன்னுக்கு வர்ற பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுனாங்க. ஆட்டம் மட்டமான்னு கேட்டா, அங்கேருந்து வந்த மதாரே யுனைட்டட் 2008ல கென்யா பிரிமியர் லீக் சாம்பியன்.

நம்ம பக்கத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்னு பாருங்க. புளூமெண்டால் குப்பமேட்டு நாத்தத்துல வளந்த ஆளுங்க நாங்க. 2017ல புத்தாண்டு அன்னிக்கு, ஏப்ரல் 14, மீதொட்டமுல்ல மேடு வீடுங்க மேல சரிஞ்சு முப்பது பேருக்கு மேல செத்தாங்க. அதே வருஷம் தான் டெங்கு, இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல. எங்க லேன்ல காய்ச்சல் வராத வீடு இல்ல. அந்த வருஷம் நா புள்ளி போர்ட் ஒன்னு செஞ்சேன், பழைய கரும்பலகை தான். கோலுக்கு புள்ளி உண்டு, ட்ரெய்னிங்குக்கு நேரத்துக்கு வந்தா உண்டு, ஞாயித்துக்கெழம கான் சுத்தம் பண்ணுனா அதுக்குத் தான் அதிகம். யோகட் கப், சிரட்ட, லாம்பு ஒறை, பாதி பொம்ம, அந்தக் கானுக்குள்ள இல்லாதது இல்ல. ஒரு பொடியன் இருந்தான், பந்த நேரா தட்டத் தெரியாது. ஆனா எந்த வீட்டுக் கூரப் பீலில தண்ணி நிக்குது, எந்த டயருக்குள்ள புழு நெளியுதுன்னு அவனுக்குத் தான் தெரியும், எலி மாதிரி ஏறி எறங்குவான். ரெண்டு மாசத்துல போர்ட்ல மொத பேர் அவனோடது. பி.எச்.ஐ. ஐயா, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தப்போ லேனச் சுத்திக் காட்டுனவனும் அவன் தான், கைல கேப்டன் பட்டியக் கட்டிக்கிட்டு. இன்னிக்கி மாநகர சபைல நிரந்தர வேல, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

ஒங்க பொடியன் விஷயத்துக்கு வர்றேன். அவன் வீட்டுக்குப் போங்க. பொட்டலத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்காதீங்க, கேட்டீங்கன்னா கதவு மூடிரும், ஒருக்கா மூடுனா தொறக்காது. ஏன் வரலன்னும் கேக்காதீங்க. ஒங்களுக்கு அவன்கிட்ட ஆக வேண்டிய காரியம் ஒன்னு இருக்கணும், பொய்க்கு இல்ல நெசமாவே இருக்கணும், அதக் கேளுங்க.

இன்னொன்னு, சாப்பாடு. ஸ்கூல் விட்டு வந்து வெறும் வயித்துல ஓடுறவன்கிட்ட ஒழுக்கம் பேச ஏலாது. ஒரு பணிஸ், ஒரு பிளேன் டீ, லேன்ல உள்ள ரெண்டு கடைக்காரங்ககிட்ட கேட்டா தருவாங்க.

வெள்ளவத்தை பி.ரி. ரீச்சர்:

தம்பி, பொம்பிளைப் பிள்ளையள் ஏன் நிக்கினம் எண்டு கேட்டீங்கள். நான் இருபத்தாறு வருஷம் கொழும்பில உடற்கல்வி படிப்பிச்சனான், போன வருஷம் தான் ஓய்வு. நீங்கள் வைச்ச நேரத்தை ஒருக்கா பாருங்கோ, பின்னேரம் அஞ்சு மணி. அம்மா வேலையால வர முதல் தண்ணி பிடிக்கிறது ஆர், சோறு போடுறது ஆர், தம்பி தங்கச்சியைப் பாக்கிறது ஆர்? அந்தப் பிள்ளை தான். ரெண்டு நாள் களவா வந்திருப்பா, மூண்டாம் நாள் வீட்டில பேச்சு விழுந்திருக்கும். நான் செய்தது, சனிக்கிழமை மூண்டரைக்கு மாத்தினன், சின்னதுகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னன். ஓரத்தில ஒரு பாய், ஒரு பழைய பந்து, அந்தச் சின்னதுகளைப் பாக்க ஒரு அம்மம்மா. அடுத்த கிழமை ஏழு பிள்ளையள் பதினாறு ஆச்சு.

உடுப்பு விஷயத்திலயும் பிடிவாதம் பிடிக்காதேங்கோ. காற்சட்டை தான் போடோணும் எண்டு சட்டமில்லை, நீட்டு ட்ரக் பொட்டத்தோட ஓடட்டும். தலையை மூடிக்கொண்டு ஆடுறதுக்கு 2014 இலயே உலக விதியில இடம் குடுத்தாச்சு, முஸ்லிம் பிள்ளையளின்ர தாய்மாருக்கு இதைச் சொல்லுங்கோ, கனபேருக்குத் தெரியாது. பக்கத்தில கக்கூஸ் இருக்கோ, அதுக்குப் பூட்டு இருக்கோ எண்டும் பாருங்கோ, பிள்ளை வாய் திறந்து சொல்லாது, ஆனா அதுக்காகவே நிண்டுபோகும். தெல்லிப்பழை மகாஜனாவில பிள்ளையள் ஆடுறதைப் பாத்தா விளங்கும், எங்கட பெண் பிள்ளையளுக்கு ஆட்டம் வராது எண்ட கதைக்கே இடமில்லை.

வெறும் ஆட்டத்தாலயா எண்ட உங்கட கேள்வி நல்ல கேள்வி. கொலம்பியாவில மெடெயின் எண்ட நகரத்தில நடந்ததைச் சொல்லுறன். 1994 உலகக் கிண்ணத்தில அந்திரேஸ் எஸ்கோபார் தன்ர கோலுக்குள்ளயே பந்தைத் தட்டிவிட்டார், ஊருக்கு வந்து கொஞ்ச நாளில சுட்டுச் சாக்காட்டிப்போட்டினம். அப்ப அங்க படிச்சுக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன்காரர், யூர்கன் கிரீஸ்பெக், 1996 இல தெருப் பிள்ளையளுக்கு வேற மாதிரி ஒரு ஆட்டம் தொடங்கினார். ரெஃப்ரி கிடையாது. ஆட முதல் ரெண்டு ரீமும் வட்டமா இருந்து இண்டைக்கு என்ன விதி எண்டு தாங்களே பேசித் தீர்ப்பினம். பிறகு ஆட்டம், ஆணும் பெண்ணும் கலந்து, முதல் கோல் பெண் பிள்ளை அடிச்சால் தான் மற்றவையின்ர கோல் கணக்கு. முடிஞ்ச பிறகு திரும்ப வட்டமா இருந்து, பேசின விதியை ஆர் காப்பாத்தினது, ஆர் மீறினது எண்டு தங்களுக்குத் தாங்களே புள்ளி போடுவினம். இப்ப கன நாடுகளில இதை மூண்டு பாதி ஆட்டம் எண்டு ஆடினம்.

நான் இதை ஒரு வருஷம் செய்து பாத்தனான். முதல் மூண்டு கிழமையும் பேச்சு இல்லை, சண்டை தான். நாலாவது கிழமை ஒரு பொடியன், வயசு பதின்மூண்டு இருக்கும், வட்டத்தில இருந்துகொண்டு நிலத்தைப் பாத்தபடி 'என்ர கையில பட்டது ரீச்சர், ஒருத்தரும் காணேல்ல, அந்த கோல் கணக்கில்லை' எண்டான். அவன்ர ரீம் ஒரு கோலால தான் வெண்டு இருந்தது. ஒருத்தரும் அவனைப் பேசேல்ல. எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தர்ப்பத்தைக் குடுத்தது, ஆனா அந்த வட்டம் இல்லையெண்டால் அவன் அதை எங்க போய்ச் சொல்லியிருப்பான்?

படம் கேக்கிற நிறுவனத்துக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். பந்தைத் தரட்டும், கணக்குக் கேக்கட்டும், அது நியாயம். 'போதையில இருந்து மீட்ட பிள்ளை' எண்டு முகத்தோட ஒரு படம் போனால் நாளைக்கு அந்தப் பிள்ளை வேலை கேட்டுப் போற இடத்திலயும் அது நிக்கும். இன்னுமொண்டு, இது உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லேல்ல. ஒரு பெரிய ஆள் தனியப் பிள்ளையளோட நிக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பேர், ஒரு ஆள் பெண்ணா இருந்தால் நல்லம். ராத்திரியில பிள்ளையளுக்குத் தனி மெசேஜ் போடுறது வேண்டாம், தாய் தகப்பன் இருக்கிற குரூப்பில போடுங்கோ. 1929 எண்ட இலக்கத்தைப் பிள்ளையளுக்குப் பாடமாக்கி விடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம், ஆர் தொட்டாலும் அடிச்சாலும் எடுக்கலாம் எண்டு. உங்களுக்கு எதிராக எடுக்கிறதெண்டாலும் எடுக்கலாம் எண்டு நீங்களே உங்கட வாயால சொல்லோணும்.

மாளிகாவத்த கீப்பர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரீச்சர் சொன்ன வட்டக் கத சரியான கத. நான் வேற ஒன்டு சொல்ல வந்தன், டீம் பிரிக்கிறதப் பத்தி.

எங்க பக்கம் முஸ்லிம் பொடியன்மார் தான் கூட, தெமட்டகொட பக்கம் சிங்களப் பொடியன்மார், கொச்சிக்கட பக்கம் உங்கட ஆக்கள். முந்தி எல்லாரும் ஒரே கிரவுண்ட்ல தான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்டைக்கு நடந்த குண்டுவெடிப்புக்குப் பொறகு எல்லாம் நின்டுட்டு. கொச்சிக்கட அந்தோனியார் கோயில்ல செத்தவங்கள்ல எங்கட பொடியன்மாரோட ஒன்டா ஆடினவங்கட சொந்தக்காரங்களும் ஈந்தாங்க. எங்கட பிள்ளைகளும் அழுதாங்க, ஆனா மையத்துக்கு போகவும் பயம், போன் எடுக்கவும் வெக்கம், என்னத்த சொல்லி கதைக்கிற? ஆறு ஏழு மாசம் ஒருத்தரும் ஒருத்தர் முகத்த பாக்கல்ல.

பொறகு ஒரு ஃபாதரும் எங்கட மௌலவி ஒருத்தரும் பேசி ஒரு மெட்ச் வெச்சாங்க. நல்ல நோக்கம் தான், ஆனா மாளிகாவத்த ஒரு டீம், கொச்சிக்கட ஒரு டீம் என்டு வெச்சிட்டாங்க. இருவது நிமிஷத்துல கைகலப்பு. ஒரு சாதாரண ஃபவுல் தான், வேற நாள் என்டா சிரிச்சிட்டு எழும்பியிருப்பான். அந்த நாள் அது ஃபவுலா தெரியல்ல.

அடுத்த தரம் நாங்க சின்ன ஆக்கள் நாலு பேர் சேந்து வேற மாதிரி செஞ்சம். பைக்குள்ள மஞ்சள் பிப், பச்ச பிப், அதான் டீம் பிரிக்க சேர்ட்டுக்கு மேல போடுற கையில்லாத சட்ட, போட்டு ஒவ்வொருத்தனா கண்ண மூடி எடுக்கச் சொன்னம். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் ஒன்டும் இல்ல. அதோட ஒரு விதி, டீம்ல எல்லார்ட காலுலயும் பந்து பட்டதுக்குப் பொறகு தான் கோல் கணக்கு. முதல் பத்து நிமிஷம் ஒருத்தனுக்கு ஒருத்தன் பாஸ் குடுக்கவே இல்ல, பந்து அப்பிடியே செத்துப் போச்சு. பொறகு கோல் வேணுமே, ஒருத்தன் 'மட்ட தீபங்', எனக்குத் தாடா என்டு சிங்களத்துல கத்தினான், இவன் தள்ளி விட்டான். அந்த சத்தம் இன்னும் என்ட காதுல ஈக்குது. போஸ்னியாலயும் யுத்தத்துக்குப் பொறகு 1998ல டென்மார்க் ஆள் ஒருத்தர் தொடங்கின புட்போல் ஸ்கூல்ல இத தான் செஞ்சாங்களாம், சண்ட பிடிச்ச ஊர் ரெண்டும் சேந்து நடத்தினா மட்டும் தான் பந்தும் சாமானும் குடுப்பாங்க, பிள்ளைகள கலந்து தான் டீம் போடுவாங்க.

அந்தப் பைய இன்னும் வெச்சிக்கிட்டு ஈக்கிறன். மாசத்துல ஒரு போயா, பௌர்ணமி லீவு நாள், அன்டைக்கு எடுப்பம். லெஃப்ட் விங் தம்பி, உங்கட பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க, தோட்டத்துக்குள்ளயே ஆடினா தோட்டத்தத் தவிர வேற ஆள் தெரியாம வளருவாங்க.

மட்டக்குளி ஒன்பது:

எல்லாரும் நல்லது சொல்லியிருக்கீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்லப்போறன், கோவிக்க வேணாம்.

என்ட தம்பி ஒன்பதாம் நம்பர். பத்தொன்பது வயசுல கொழும்புல அவன மறிக்க டிஃபெண்டர் இல்ல என்டு தான் எல்லாரும் சொல்லுவாங்க. அவன் குடுல, ஹெரோயின்ல, செத்தான், 24 வயசு. அவன் அத எங்க பழகினான் தெரியுமா, கிரவுண்ட்ல. மெட்ச் ஜெயிச்சா பெரியவங்க கூட்டிக்கிட்டு போய் பியர் வாங்கிக் குடுப்பாங்க, காயம் வந்தா 'இத அடி, வலி தெரியாது' என்டு ஒருத்தன் குடுத்தான். கழகத்துல எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழம அவன் கோல் அடிச்சா போதும், மத்த ஆறு நாளும் அவன் எங்க படுக்குறான் என்டு ஒருத்தரும் கேக்கல்ல. அதால புட்போல் பிள்ளைய காப்பாத்தும் என்டு யாராவது சொன்னா எனக்கு நெஞ்சு எரியும். கிரவுண்ட சுத்தி நிக்கிற பெரியவங்க எப்படியோ பிள்ளையும் அப்படி தான் போகும்.

ஐவரி கோஸ்ட் பிளேயர் ட்ரோக்பா கத எல்லாரும் ஷேர் பண்ணுறாங்க, 2005ல ஐவரி கோஸ்ட் உலகக் கிண்ணத்துக்கு தெரிவான அன்டைக்கு முழங்கால்ல இருந்து சண்டைய நிப்பாட்டச் சொன்னது, 2007ல கிளர்ச்சிக்காரங்க இருந்த புவாக்கே நகரத்துல மெட்ச் வெச்சது. அது உண்மை, பெரிய மனுஷன். ஆனா 2010 தேர்தலுக்குப் பிறகு அதே நாட்டுல திரும்ப சண்ட வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க, அந்தப் பாதிய யாரும் ஷேர் பண்ணுறதில்ல. மனுஷன் கேட்டுக்கிட்டான், பிரச்சின அங்கேயே இருந்துச்சு. நம்ம தோட்டத்துலயும் அப்படி தான், பதினாறு வயசு வரைக்கும் பந்து குடுத்தாச்சு, ஓ லெவல் ஃபெயில், பதினேழுல என்ன? அங்க ஆள் இல்லாட்டி மோட்டர் சைக்கிள்காரன் காத்துக்கிட்டு தான் இருப்பான். எத்தன பேர தொழிற்பயிற்சி அதிகாரசபைல ஏசி மெக்கானிக், வயரிங், வெல்டிங் என்டு சேத்து விட்டீங்க என்டு தான் நான் ஒரு கோச்சப் பாத்து கேப்பன்.

ஆனா ஒன்டு எனக்குப் பிடிச்சது. 2002ல ஸிம்பாப்வே புலவாயோல புட்போல் பிளேயர்ஸ் தொடங்கின ஒன்டு, எயிட்ஸ் பத்தி பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்க. கோன் வெச்சு டிரிபிள் பண்ண விடுவாங்க, ஒவ்வொரு கோனும் ஒரு ஆபத்து. இடிச்சா முதல் ரவுண்ட்ல அவன் மட்டும் புஷ் அப் அடிக்கணும், அடுத்த ரவுண்ட்ல அவன்ட கூட்டாளிமாரும், கடைசில டீம் முழுக்க. ஒருத்தன் இடிச்சா வீடே விழும் என்டு வாயால சொல்லாம உடம்பால விளங்க வெக்கிறாங்க. நான் போன வருஷம் மட்டக்குளில கோனுக்குப் பேர் வெச்சு செஞ்சன், ஒன்டு ஐஸ், ஒன்டு ஐநூறு ரூபா, ஒன்டு 'ஒருக்கா தானே மச்சான்'. பொடியனுகள் சிரிச்சு சிரிச்சு தான் தொடங்கினாங்க. கடைசி ரவுண்ட்ல முப்பது பேரும் மண்ணுல கை ஊன்டிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் எழும்பாம அப்படியே படுத்திருந்தான், அவன்ட அண்ணன் மகசின் ஜெயில்ல இருக்கான். அன்டைக்கு அவனோட ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கதவுப் படில இருந்தன். இப்பவும் ஒவ்வொரு கிழமையும் இருக்குறன்.

உங்கட பொடியன் விஷயத்துல கிராண்ட்பாஸ் அண்ணன் சொன்னது தான் சரி. என்ட தம்பிக்கு அப்படி ஒருத்தர் வந்திருந்தா என்டு நெனச்சிக்கிட்டு தான் இத எழுதுறன். லேட் பண்ண வேணாம்.

ஜம்பட்டா லெஃப்ட் விங்:

மூனு கிழம கழிச்சு எழுதுறன். மட்டக்குளி அண்ணே, உங்கட போஸ்ட் வாசிச்ச அன்டைக்கே போனன்.

என்ன காரியம் கேக்குற என்டு யோசிச்சா, இருந்த நாலு பந்துல ரெண்டுல காத்து நிக்கிறதில்ல, அது நெசமான பிரச்சின தானே. அவன்ட மாமா சைக்கிள் கட வெச்சிருக்கார். ரெண்டு பந்தையும் அவன் வீட்டுக்குக் கொண்டு போனன். அம்மம்மா தான் கதவு தொறந்தா. அவன் உள்ள படுத்திருந்தான், என்னக் கண்டு எழும்பி சுவரோட ஒட்டிக்கிட்டு நின்டான். நான் பந்த மட்டும் நீட்டி, 'இது காத்து போகுதுடா, வால்வா ஓட்டையா என்டு பாக்கத் தெரியுமா?' என்டன். வாங்கினான். ஒரு பேசின்ல தண்ணி கொண்டு வந்து அமுக்கிப் பிடிச்சான், வால்வ் பக்கத்துல சின்னச் சின்ன குமிழ் வந்துச்சு. 'வால்வ் அண்ணே' என்டான், வேற ஒன்டும் கதைக்கல்ல. நானும் கதைக்கல்ல.

வியாழக்கிழம வரல்ல. ஞாயிறு காலைல மதிலுக்கு வெளில ரெண்டு பந்தோட நின்டான், உள்ள வரல்ல. பணிஸ் கூடய தூக்கிக்கிட்டு போன தங்கச்சி ஒன்டு அவன் கைல ஒன்ட வெச்சிட்டு வந்துச்சு (சனி மூன்டரைக்கு மாத்தினது ரீச்சர், பதினொரு பிள்ளைகள் வாறாங்க, அவன்ட அம்மம்மா தான் சின்னதுகளப் பாக்குறா, பாயும் அவவோடது). அடுத்த செவ்வாய் உள்ள வந்தான். இப்ப பந்து எல்லாம் அவன்ட பொறுப்பு, புள்ளி போர்ட்ல எழுதுறதும் அவன் தான், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, நான் திருத்துறதில்ல. விட்டுப் போனவங்கள்ல பதிமூனு பேர் வந்துட்டாங்க, ஏழு பேர் இன்னும் இல்ல, அவங்கட வீடுகளுக்கும் போகணும்.

பொட்டலத்த நிப்பாட்டிட்டானா என்டு எனக்குத் தெரியாது. கேக்கல்ல. முந்தாநாள் மோட்டர் சைக்கிள் வந்து நின்ட நேரம் அவன் போர்ட்டுக்கு முன்னால நின்டு பேர் எழுதிக்கிட்டு இருந்தான், கூப்பிட்டாங்க, திரும்பிப் பாத்தான், சோக் கைல இருந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்டான். பிறகு எழுதினான். நான் இந்தப் பக்கம் நெஞ்சு படபடக்க நின்டுக்கிட்டு இருந்தன். அன்டைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து 'பந்த உங்கட வீட்டுல வெக்கவா, எங்கட வீட்டுல வெக்கவா' என்டு கேட்டான்.

நிறுவனத்துக்கு படம் தர ஏலாது என்டு சொல்லிட்டன், அதுக்குப் பிறகு போன் எடுக்கல்ல. மாளிகாவத்த நானா, வாற போயாவுக்கு பதினஞ்சு பேரோட வாறன், பிப் பைய மறக்க வேணாம். மட்டக்குளி அண்ணே, பதினாறு வயசுல ரெண்டு பேர் இருக்காங்க, ஏசி கோர்ஸ் பத்தி உங்கள்ட்ட கேட்டு தனியா எழுதியிருக்கன்.

கிராண்ட்பாஸ் பழைய ஆள்:

பந்து அவன் வீட்டுலயே இருக்கட்டும் தம்பி. பம்ப் ஊசிய ஒரு சொட்டு தேங்காண்ண தடவிட்டு சொருகச் சொல்லுங்க, காஞ்ச ஊசியச் சொருகித் தான் வால்வ் கிழியுது. ஞாயித்துக்கெழம நா வர்றேன், அந்தப் பழைய கரும்பலகையும் இருக்கு, கொண்டு வரவா?

ஜம்பட்டா லெஃப்ட் விங்:

கொண்டு வாங்க அண்ணே, எங்கடது கார்ட்போர்ட் தான், மழைக்கு ஊறிப்போச்சு. ஏழு மணிக்கு ஆமர் வீதி சந்தியில இறங்குங்க, தூக்குறதுக்கு அவன அனுப்புறன்.